அகரவரிசை

ஒவ்வொரு வருஷமும் குறுவை அறுவடைக்கு மிஷின் கிடைக்காமல் ஊர் அல்லாடுவதைப் பார்த்துத்தான் கயல்விழி அந்த வெப் பக்கத்தைச் செய்தாள். யாருக்கு எப்போது மிஷின் வேண்டுமென்று தெருவாரியாகப் பதிந்துகொள்ளலாம். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில், யூட்யூப் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றவளுக்கு அதுதான் முதல் முயற்சி.

அவள் அப்பா வைரக்கண்ணு மிஷின் ஓட்டுகிறவர். மிஷின், மேலத்தெரு பரணிதரன் வீட்டுடையது. பரணிதரன் சிங்கப்பூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். விடுமுறைக்கு வந்தவனிடம், “பொண்ணு ஏதோ செஞ்சிருக்கு, பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று அவர்தான் கேட்டார்.

அவனும் அக்கறையாகவே பார்த்தான். போனில் பட்டன் பாதி வெட்டுப்படுகிறது, எழுத்து வெளிறித் தெரிகிறது என்றான். அவள் அன்றைக்கே சரிசெய்து, கோட் முழுவதையும் அனுப்பினாள். தான் எழுதியதையும் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அவனே கூப்பிட்டான்.

“நல்லா வந்திருக்கும்மா. எங்க கம்பெனியில ட்ரெய்னி எடுக்கறாங்க, உன் பேரைச் சொல்றேன். ஒண்ணு மட்டும் மாத்திடு. அம்பேத்கர் தெரு ஏன் முதல்ல வருது?”

“அகரவரிசைங்க சார்.”

“புரியுது. ஆனா யூசர் யாருன்னு பாத்துத்தான் டிசைன் பண்ணணும். மேலத்தெருவுலதானே நெலம் அதிகம்? அதை மேல போடு.”

“எங்க தெருவுலயும் சாகுபடி பண்றாங்க சார்.”

“குத்தகைதானேம்மா.”

“நான் மாத்தலைங்க சார்.”

அவன் கோபப்படவில்லை. “ஃபீட்பேக்கை ஏத்துக்கப் பழகணும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

“ஒரு வரிதானேம்மா, மாத்திட்டா என்ன?” என்றார் வைரக்கண்ணு. விடிந்தால் அவர் அந்த வீட்டு மிஷினில்தான் ஏறியாக வேண்டும்.

அறுவடை தொடங்கிய வாரம் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. அதே பச்சைப் பட்டன், அதே கட்டங்கள். மேலத்தெரு முதலில், அம்பேத்கர் தெரு கடைசியில். அடியில் பரணிதரன் பெயர். பாராட்டு வந்து குவிந்தது; பக்கத்து ஊர்களும் கேட்டு வாங்கின. “இது நான் எழுதின கோட் சார்” என்று அவனுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்ததோடு சரி.

தை மாதம் தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனியின் நேர்முகத்துக்குப் போனாள். அவள் திறந்து காட்டிய பக்கத்தை எதிரே இருந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எனக்கு நன்னிலம்தான். எங்க ஊர்லயும் இதுலதான் மிஷின் புக் பண்றாங்க. பரணிதரன்னு ஒருத்தர் செஞ்சது. அப்படியே எடுத்து உங்க பேரைப் போட்டிருக்கீங்களே?”

“முதல்ல எழுதினது நான்தான் மேடம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

வெளியே வந்ததும் அப்பா போன் செய்தார். “பாத்துட்டுச் சொல்றோம்னாங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் குடவாசல் பஸ்ஸில் ஏறினாள்.