மூன்று உலக்கைகளின் வேகம்

பாட்டு இரண்டு நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு அடி முடிந்ததும் பாடுகிறவள் சற்று நிறுத்திவிடுகிறாள். ஏன் என்றுதான் அசுமினிக்குப் பிடிபடவில்லை. குரலும் எலிக்குஞ்சு கத்துவது போல இருந்தது.

நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன் இந்த நெவாலா மேட்டு ஊருக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் மெழுகு உருளையில் பதிந்துகொண்டு போனது அது. உருளை எந்த வேகத்தில் சுற்றியது என்று அவர் எழுதிவைக்கவில்லை. பதிந்ததைவிட வேகமாகச் சுற்றினால் குரல் மெலிந்து கீச்சிடும். ஜெர்மனியிலிருந்து வந்த நகலில் "குழந்தைகளின் கூச்சல், பாடியவர் தெரியவில்லை" என்று போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஊரார் அடையாளம் சொல்லாவிட்டால் அச்சாகும் பட்டியலிலும் அதுவேதான். டார் எஸ் சலாம் ஒலிக் காப்பகத்திலிருந்து அசுமினி வந்து மூன்று நாளாகிறது. இன்று வியாழன்.

அசுமினி தங்கியிருந்த வீட்டுக்காரி சொமோயேயும் அவள் நாத்தனார்கள் இருவரும் முற்றத்தில் சோளம் இடித்துக்கொண்டிருந்தார்கள். அசுமினி லேப்டாப்பைத் திறந்து பாட்டைப் போட்டாள்.

"என்னடி இது, கோழிய மிதிச்ச மாதிரி?" என்றாள் சொமோயே.

"பாட்டுக்கா. நடுவுல நடுவுல நின்னுடுறா."

சொமோயே மறுபடி போடச் சொன்னாள். பாட்டு நின்ற இடத்தில் அவள் கை தானாக மேலே போனது.

"நிக்கலடி, இடிக்கிறா! உலக்கையப் பிடுங்கி வச்சுட்டுப் பாடச் சொல்லியிருக்கான் அந்த ஆளு."

அசுமினிக்கு அந்த ஆளின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. 'சத்தம் பதிவைக் கெடுப்பதால் உலக்கைகளை விலக்கினேன்.' பத்துத் தடவை படித்தும் உறைக்காத வரி.

மூவரும் பாட்டோடு சேர்ந்து இடித்தார்கள். மூன்று உலக்கையும் ஒன்றோடொன்று மோதின.

"ஐயோ, என் விரலு! எங்கள மொடமாக்கவா வந்த?"

"கொஞ்சம் வேகமா இடிச்சாத்தான் என்ன?" என்றாள் அசுமினி.

"நல்லா கேட்ட! இதான் எங்க வேகம். கனத்த உலக்கை, ஏறி எறங்குற நேரத்துலதான் ஏறி எறங்கும். பாட்ட மெதுவாக்கு."

அசுமினி வேகத்தைக் குறைத்தாள். மோதல். இன்னும் குறைத்தாள். "தூங்கி வழியுது" என்றாள் சின்ன நாத்தனார். கொஞ்சம் கூட்டினாள். டொம், டொம், டொம். இடைவெளியில் மூன்றும் கச்சிதமாக விழுந்தன. கீச்சுக் குரல் போய், நடுவயதுப் பெண்ணின் கனத்த குரல் வந்தது. உலக்கையை அடுத்தவளிடம் கொடுக்கும்போது இங்கே எல்லாரும் தங்கள் பேரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். கடைசி அடியில் பாடியவளும் சொன்னாள்: சிலும்பாவின் மகள் நந்தெந்தே.

மூவரும் இடிப்பதை நிறுத்தினார்கள்.

"சிலும்பா வீட்டாளுங்க கிணத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க" என்றாள் சொமோயே. "வா, மொதல்ல அவங்க கேக்கட்டும். அவங்க சரின்னா எழுது."

அவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். சரி என்றார்கள். அசுமினி படிவத்தில் எழுதினாள்:

பாடியவர்: சிலும்பாவின் மகள் நந்தெந்தே. சோளம் இடிக்கும் பாட்டு. ஓட்ட வேண்டிய வேகம்: பாட்டின் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மூன்று உலக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக, மோதாமல் விழும் வேகம்.