பெரிய ஏரியில் அள்ளலாம்

"இந்த வெள்ளிக்கிழமையும் தப்பாப் போச்சுன்னா, உங்க அஞ்சு நிமிஷத்தைத் தூக்கி ராசிபலனுக்குக் கொடுத்துடுவேன்."

நிலைய மேலாளர் இதைச் சொன்னபோது மின்விசிறிக்கு நேர் கீழே நின்றிருந்தார். வெயில் அப்படி. அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் ஏசி உள்ள ஒரே இடம் ஒலிப்பதிவு அறை. அங்கே இவருக்கு இடமில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது.

எதிரே நின்றவளை ஊரே 'நிலவரம்' என்றுதான் கூப்பிடும். வெள்ளி மாலை ஆறு மணிக்கு அவள் மைக் முன் உட்கார்ந்து, எந்த ஏரியில் தண்ணீர் எப்படி, எந்த ஆற்று வளைவில் மீன் கடிக்கிறது, எந்த இரை எடுபடும் என்று சொல்வாள். சனி, ஞாயிறு பாதி ஊர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்.

"மூணு வாரமா பெரிய ஏரி, பெரிய ஏரின்னீங்க. போனவன் எல்லாம் கருவாடா காஞ்சு திரும்பியிருக்கான். மீன் அங்க கடிக்கல. எல்லாரும் சேர்ந்து ஃபோன்ல என்னைக் கடிக்கிறாங்க!"

"கோடையில மீன் இடம் மாறும் சார்."

"மாறட்டும். அது மாறின இடத்தைச் சொல்லத்தானே உங்களை வச்சிருக்கேன்? ராசிபலன்காரர் வாசல்லயே காத்திருக்கார். அவர் சொன்னது தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஃபோன் பண்ணதில்ல, தெரியுமா?"



மற்ற நாளெல்லாம் அவள் யாரோ எழுதிக் கொடுத்த சோப்பு விளம்பரமும் செருப்பு விளம்பரமும் வாசிப்பவள். அவளே தேடி, அவளே எழுதி, அவளே பேசுவது அந்த ஐந்து நிமிடம் ஒன்றுதான். அதுவும் போனால் அவளுக்கு மிச்சம் சோப்பும் செருப்பும்தான்.

அன்று வியாழன். மறுநாள் ஆறு மணிக்குள் மீன் எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

அவளுக்குத் தூண்டில் போடத் தெரியாது. தூண்டில்காரர்களைத் தெரியும். நல்ல இடத்தை அந்தச் சாதி ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாது. பல் டாக்டர் "சுமார்தான்" என்றால் நல்ல வேட்டை. சலூன்காரர் "சுத்தமா இல்லீங்க" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் கூடை நிரம்பி வழிந்திருக்கிறது என்று அர்த்தம். இவர்கள் பொய்யைத் திருப்பிப் போட்டு உண்மையை எடுப்பதுதான் அவள் தொழில் ரகசியம்.

ஆனால் இந்தக் கோடையில் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காகச் சொல்றேன், பெரிய ஏரி" என்றார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் நம்மை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவளும் உருகிப்போனாள். உருகினதுதான் தப்பு.

ஃபோனை எடுத்தாள்.

"பெரிய ஏரிதான் மா," என்றார் டாக்டர். "காலங்காத்தால போனா அள்ளலாம்."

அடுத்த எண்.

"வேற எங்கயும் போகாதீங்க நிலவரம்," என்றார் சலூன்காரர். பின்னால் கத்தரி சத்தம். "பெரிய ஏரி. காலங்காத்தால போனா அள்ளலாம்."

ஃபோனை வைத்தவள் அப்படியே நின்றாள்.

இரண்டு தூண்டில்காரர்கள் தனித்தனியாகப் பொய் சொன்னால் இரண்டு பொய் வரும். ஒரே பொய், அதுவும் வார்த்தை மாறாமல் வந்தால்? யாரோ உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

யார்?

மதியமே டாக்டரின் கிளினிக்குக்குப் போய், "கடைவாய்ப் பல் கூசுது டாக்டர்" என்று வாயைத் திறந்தாள். அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்து, "பல்லுக்கு ஒண்ணுமில்ல" என்று கையுறையைக் கழற்றினார். விரல் நுனியெல்லாம் ஊதா.

"கையில என்ன டாக்டர்?"

"இதுவா? பல்லுல அழுக்கு இருக்கிற இடத்தைக் காட்டுற சாயம்."

"கையுறை போட்டும் ஒட்டுதா?"

"அடுத்த பேஷண்ட்!" என்றார் டாக்டர். வெளியே யாருமே இல்லை.

அங்கிருந்து சலூன். சலூன்காரர் சீப்பைப் பிடித்திருந்த விரல்களிலும் அதே ஊதா. கேட்டால், "ஹேர் டைங்க. காலையிலேர்ந்து ஒரே டை வேலை" என்றார். கடை திறந்ததே பதினொரு மணிக்குத்தான் என்று பக்கத்துத் தையல்காரர் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையில் டை அடிக்க ஒரு முடிகூட இல்லை.

நிலவரத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மோப்பம் பிடித்துவிட்டால் அவளுக்கு அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் கணவனும் மாமியாரும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். பொய் சொன்னால் விக்கல் வரும், பாவம். மாமியார் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் கழுத்து விசில் ஓய்வு பெறவில்லை. மீன் வாடையே ஆகாது என்று வீட்டில் மீன் வாங்க விடமாட்டார். மூட்டுக்கு நல்லது என்று தினமும் விடிவதற்குள் நடக்கப் போவார்.

"ஏன் முகம் வாடியிருக்கு?" என்றார் மாமியார்.

"நாளைக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அத்தை." வேலைக்கு வந்த வினையை அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு எதற்கு அந்தக் கவலை?

"எனக்கென்னம்மா தெரியும் மீனைப் பத்தி? பார்க்குல நடக்கிறவங்க பேசிக்கிட்டாங்க. பெரிய ஏரியாம். காலங்காத்தால போனா அள்ளலாமாம்."

நிலவரத்தின் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அத்தை பார்க்குக்குத்தானே நடக்கப் போறாங்க?"

"ஆமா. வேற எங்க… ஹிக்!"

"தண்ணி குடிடா," என்றார் மாமியார் முறைத்தபடி.

எல்லாரும் எழுந்து போனபின் நிலவரம் வாசல் செருப்பு அலமாரிக்குப் போனாள். மாமியாரின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்க ஊதா. நடுவில் நசுங்கிய பழம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தாள். இனிப்பாக இருந்தது.

மல்பெரி!

பார்க்கில் மல்பெரி மரம் கிடையாது. ஆற்றங்கரையில்தான், மைல் கணக்கில்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் மாமியார் கிளம்பினார். தோளில் நீளமான குடை உறை. சூரியனே இன்னும் வரவில்லை, மழைக்கு மேகமே இல்லை, எதற்குக் குடை? நிலவரம் ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைச் சத்தமில்லாமல் தள்ளினாள்.

மூட்டு வலிக்காரர் அந்த வேகத்தில் நடந்து அவள் பார்த்ததே இல்லை. பார்க்கைத் தாண்டினார். பஸ் பணிமனையைத் தாண்டினார். பூட்டிக் கிடந்த பழைய பம்ப் ஹவுஸ் பின்னால் போய் மறைந்தார். நிலவரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுவரோரம் எட்டிப் பார்த்தாள்.

மேலேயிருந்து ஓர் ஓடை குளுகுளுவென்று ஆற்றில் வந்து விழுந்தது. அதன்மேல் ஒரு பெரிய மல்பெரி மரம் தண்ணீர்வரை சாய்ந்திருந்தது. காற்று அசைந்தால் பழம் உதிர்ந்தது. விழுந்த மறுநொடி தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தடித்த வாய் வந்து லபக்கென்று விழுங்கியது. கெண்டை! ஒன்றா இரண்டா?

கரையில் மூன்று பேர். டாக்டர், சலூன்காரர், நடுவில் குடை உறையிலிருந்து தூண்டிலை உருவிக்கொண்டிருந்த மாமியார்.

"டாக்டர், ஈயக் குண்டைக் கழட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பழம் மரத்துலேர்ந்து தானா விழுந்த மாதிரி விழணும். குண்டு மாதிரி விழுந்தா மீன் என்ன, நானே ஓடிடுவேன்!"

"சரிங்க டீச்சர்."

"குட் மார்னிங் அத்தை," என்றாள் நிலவரம்.

மாமியாரின் வாயிலிருந்த விசில் தானாக 'பீப்' என்றது. சலூன்காரர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார், வயிறு மட்டும் ஒளியவில்லை. டாக்டர் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாக்கிங் வந்தேன் மா" என்றார். அந்த நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் தூண்டில் வில்லாய் வளைந்தது.

"இழுய்யா!" என்று கத்தினார் மாமியார். "அப்புறமா பயப்படலாம்!"

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு முழ நீளக் கெண்டை கரையில் துள்ளியது.

"மீன் வாடையே ஆகாதுன்னீங்க?"

"செத்த மீன் வாடைதான் ஆகாது. இது உயிரோட இருக்கு, பார்," என்று மாமியார் முள்ளைப் பக்குவமாக எடுத்து, மீனை ஆற்றிலேயே விட்டார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்ன பண்ணச் சொல்ற? போன கோடையில பாலத்தடின்னு சொன்னே. ரெண்டே நாள்ல ஸ்பீக்கர் வச்சுப் பாட்டு, தண்ணிக்குள்ள நாற்காலி. யாரோ வீசின முள்ளு இவர் காதுல மாட்டிச்சு."

சலூன்காரர் மரத்துக்குப் பின்னாலிருந்து காதை மட்டும் நீட்டிக் காட்டினார். தழும்பு இருந்தது.

"அதான் வானொலிக்கு உண்மை சொல்றதில்லன்னு முடிவு பண்ணோம். உன்மேல கோபமில்ல. உன் வாய்மேலதான் பயம்."

"அந்த வாய்க்கு இன்னைக்குச் சாயந்தரம் கடைசி நாள் அத்தை," என்றாள் நிலவரம். இப்போது மறைக்க முடியவில்லை. மேலாளர் சொன்னது, ராசிபலன்காரர் வாசலில் காத்திருப்பது எல்லாம் கொட்டினாள்.

 பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

மாமியார் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தூண்டிலை மடக்கினார்.

"சொல்லிடு."

"டீச்சர்!" என்று அலறினார் சலூன்காரர்.

"நீர் சும்மா இரும். பம்ப் ஹவுஸ் பின்னாடின்னு பேர் சொல்லியே சொல்லிடும்மா. மரம் எங்கயும் ஓடிடாது. உன் வேலை போயிடும்னு தெரிஞ்சிருந்தா, நான் இவனுங்களுக்கு அந்தப் பொய்யைச் சொல்லியே கொடுத்திருக்க மாட்டேன். வீட்டுல வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன உனக்கு?"

நிலவரம் ஒலிப்பதிவுக் கருவியை மரத்தடியில் நீட்டினாள். டப். லபக். டப். லபக்.

மாலை ஆறு மணி. சலூனில் ரேடியோ முன்னால் மூன்று பேரும், கூடவே லிஃப்ட் மெக்கானிக்கும். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வணக்கம். இது மீன் நிலவரம். முதல்ல ஒரு மன்னிப்பு. மூணு வாரமா நான் சொன்னது தப்பு. பெரிய ஏரித் தண்ணி வெயில்ல கொதிக்குது. மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடுச்சு. அங்க போகாதீங்க. மேட்டு ஏரியும் அதே கதைதான். இப்ப ஒரு சத்தம் கேளுங்க."

டப். லபக்.

"போச்சு!" என்றார் சலூன்காரர்.

"ஆத்தோரமா நடங்க. ஓடை வந்து சேர்ற இடத்துல, இல்ல மர நிழல்ல, தண்ணி குளிர்ச்சியா இருக்கும். கரையில தரை ஊதாவா இருந்தா நில்லுங்க. மேல மல்பெரி மரம் இருக்கும், கீழ கெண்டை வாயைத் திறந்துகிட்டு நிக்கும். புழு வேண்டாம், மாவு வேண்டாம், ஈயக் குண்டு வேண்டவே வேண்டாம். அந்தப் பழத்தையே முள்ளுல கோத்து, தானா விழுந்த மாதிரி விடுங்க. எந்த மரம்னு என்னைக் கேக்காதீங்க. நம்ம ஆத்தங்கரை முழுக்க இந்த மரம்தான். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். ஸ்பீக்கரை மட்டும் வீட்டுல விட்டுட்டுப் போங்க."

சலூனில் மாமியார் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் போட்டார்.

திங்கட்கிழமை காலை. நிலவரம் உள்ளே நுழைந்ததும் மேலாளர் கூப்பிட்டார். முகம் உம்மென்று இருந்தது.

"சனி, ஞாயிறு ஃபோன் நிக்கவே இல்ல. அத்தனை பேரும் ஒரே பேச்சு. 'சுத்தமா ஒண்ணும் கிடைக்கலீங்க'ன்னு."

"எப்படிச் சொன்னாங்க சார்? கோபமாவா?"

"இல்ல. சிரிச்சுகிட்டே."

நிலவரத்துக்கும் சிரிப்பு வந்தது. தூண்டில்காரன் சிரித்துக்கொண்டே 'ஒன்றுமில்லை' என்றால் என்ன அர்த்தம் என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது? யோசித்தபடி குனிந்தவள் மேஜைமேல் இருந்த அவர் கையைப் பார்த்தாள்.

பத்து விரலும் ஊதா.

"கையில என்ன சார்?"

"இதுவா? முத்திரை… முத்திரை மை." கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "வர்ற வெள்ளியிலேர்ந்து உங்களுக்குப் பத்து நிமிஷம்."

"அப்ப ராசிபலன்காரர்?"

"அவர் இன்னைக்கு வரல. ஆத்தங்கரையில பார்த்தேன்… பார்த்ததாச் சொன்னாங்க."

"உங்களுக்கு ஏதாவது கிடைச்சுதா சார்?"

மேலாளர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காதுவரை இழுத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றார்.

"சுத்தமா இல்ல."

"எந்தப் பக்கம் போனீங்க?"

"பெரிய ஏரி," என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்காகச் சொல்றேன். காலங்காத்தால போனா அள்ளலாம்."