தலையில் ஒரு புள்ளி

ஆறு வருடத்து டிசைன்களை நான் அழித்துவிட்டுப் போய்விட்டேன் என்று பழைய கடையிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தது. அது எனக்கு வரவில்லை. வடபழனியில் திங்கட்கிழமை நான் சேரவிருந்த சினிமா உடைக் கூடத்துக்குப் போயிருந்தது. அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கடை முதலாளியே கையெழுத்துப் போட்ட மறுப்புக் கடிதம் வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வரவேண்டாம் என்றார்கள்.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு தியாகராய நகர் கடைக்குப் போனேன். பாண்டி பஜாருக்குப் பின்சந்தில் மூன்று மாடிக் கட்டடம். கீழே கல்யாண பிளவுஸ் விற்பனை, நடுவில் ஆபீஸ், மேலே எம்பிராய்டரி எந்திரங்கள். எந்திரம் எந்தப் பூவை எந்த வரிசையில் தைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலையாக இருந்தது.

மேனேஜர் ஆனந்தகுமார் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அழிச்சதைத் திருப்பிக் குடுக்க வந்தியா?"

நான் எதையும் அழிக்கவில்லை என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கடையின் பெரிய கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற, தைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. K.Jayashree, T.Velu என்று வரிசையாகப் பத்தொன்பது பெயர்கள் நின்றன. என் பெயர் இல்லை. நான் விலகிய அன்றே என் லாகினை மூடிவிட்டதால் என் வழியாகப் பார்க்கவும் முடியாது.

"உன் பேரு எங்க கீது, நீயே காட்டு" என்றார்.

அதற்குள் முதலாளி மாணிக்கவாசகம் வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. முகூர்த்த மாதம், என் மயில் டிசைனுக்கு மட்டும் பதினான்கு கல்யாண வீடுகள் காத்திருக்கின்றன, எடுத்துப் போயிருந்தால் கொடுத்துவிடு, போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று தணிவாகத்தான் சொன்னார். அந்தத் தணிவு எனக்குப் பிடிக்கவில்லை. திருடியிடம் பேசுகிற தணிவு அது.

"அந்தக் கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷம் என்னை உட்கார விடுங்க அண்ணாச்சி. இல்லன்னா போலீஸையே கூப்பிடுங்க. அவங்க முன்னாடி உட்கார்றேன்."

இருப்பதையும் அழித்துவிடுவாள் என்று ஆனந்தகுமார் தடுத்தார்.

"ஒண்ணுமே இல்லன்னுதான சொல்லுதீரு" என்றார் அண்ணாச்சி. "இல்லாததை அவ எப்படிவே அழிப்பா?"

உட்கார்ந்தேன். முதலில் ஒரு வெள்ளைத்தாள் எடுத்துத் தேதியும் நேரமும் போட்டேன். அடிக்கப்போகும் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதிவிட்டுத்தான் என்டரைத் தட்டுவேன், பிறகு யாரும் வேறு கதை சொல்லக்கூடாது என்றேன். கருப்புத் திரையைத் திறந்ததும், நூல்கண்டு வாங்க மேலிருந்து இறங்கிய எந்திரக்காரர் வேலு அங்கேயே நின்றுவிட்டார்.

"யம்மா, பேங்க்கு கீங்க்கு உள்ள பூந்துடப் போற" என்றார்.

கூத்தாநல்லூரில் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் இருந்தன. எல்லோரும் பழகிய சிஸ்டம் என்னுடையதில் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. சரிசெய்ய ஆள் கிடைக்காமல் மற்றதில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கடையின் பெரிய கம்ப்யூட்டரிலும் அதே சிஸ்டம்தான். இந்தக் கருப்புத் திரையில் படம் கிடையாது. எழுத்தால் கேட்டால் எழுத்தால் பதில் வரும். கடிதம் எழுதுகிற மாதிரிதான்: எங்கிருந்து கேட்கிறோம், என்ன வேண்டும், இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

pwd என்று அடித்தேன். நான் நிற்கும் இடத்தைச் சொன்னது. cd போட்டு டிசைன் ஃபோல்டருக்குள் போனேன். ls அடித்தேன். அதே பத்தொன்பது பெயர்கள்.

உண்மையிலேயே யாராவது அழித்திருந்தால்?

ஆனாலும் ls என்பது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது. அறை அறையாகப் போய்த் தேட find இருக்கிறது. என் பெயரை விட்டுவிட்டு என் மயிலைத் தேடினேன். தாளில் எழுதிக்கொண்டு அடித்தேன்: find . -name "*mayil*"

ஒன்றும் வரவில்லை.

"மயில் பறந்துடுச்சு" என்றார் ஆனந்தகுமார். வேலு சிரிக்கவில்லை.

தாளைப் பார்த்தேன். நான் எந்தப் பெயரையும் பெரிய எழுத்தில்தான் தொடங்குவேன். இந்த சிஸ்டத்துக்குப் பெரிய M வேறு, சின்ன m வேறு. இரண்டும் ஒன்றென எடுத்துக்கொள்ளச் சொல்லி -name என்பதை -iname ஆக்கினேன்.

திரை நிறைந்து மேலே ஓடியது. கடைசி வரி இப்படி நின்றது:

./.UmmeHani/Mayil_kai_14.dst

என் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் வேலைக்குச் சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது.

அன்று படிவம் நிரப்பியவர் இதே ஆனந்தகுமார். இனிஷியல் கேட்டார். அத்தா பெயர் சர்தார். எனக்கு மூன்று வயதில் போனவர், மன்னார்குடியில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். தையல் போட்டு என்னை வளர்த்தது அம்மா ஜஹனாரா. ஜே என்று போடச் சொன்னேன். அதெல்லாம் வழக்கமில்லை என்றவர், "இனிஷியல் இல்லாத பொண்ணா நீ?" என்று மேல்மாடிக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அப்படியானால் காலியாக விடுங்கள் என்றேன். விட்டார்.

கடையின் புரோகிராம் இனிஷியலையும் ஒரு புள்ளியையும் பெயரையும் சேர்த்து ஃபோல்டர் செய்யும். எனக்கு எழுத்து இல்லை. புள்ளி மட்டும் தலையில் உட்கார்ந்துகொண்டது. புள்ளியில் தொடங்கும் பெயரை இந்த சிஸ்டம் சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்டாது. ஆறு வருடமும் என் லாகின் நேரே உள்ளே போய்த் திறந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தமிழில் தலையில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர்தான் போகும். இங்கே ஆளே இல்லாமல் போய்விட்டேன்.

இதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். ls -a என்று அடித்து மறைந்திருந்த பெயரையும் காட்டினேன். உள்ளே எத்தனை என்று கம்ப்யூட்டரையே எண்ணச் சொன்னேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஆனந்தகுமாரைப் பார்த்தார். அவர் ஏசி ரிமோட்டைத் தேடத் தொடங்கினார்.

"எல்லாருக்கும் தெரியும்படி ஆக்கித் தந்திரு தாயி" என்றார் அண்ணாச்சி.

"ஏதோ ஒரு எழுத்து முன்னாடி போட்டு வுடும்மா" என்றார் ஆனந்தகுமார்.

"அவ அம்மா எழுத்தையே போடட்டும்வே. என்ன கெட்டுப்போச்சு இப்போ?"

"அன்னைக்குக் கேட்டேன் அண்ணாச்சி, கிடைக்கலை. இந்த முந்நூத்திப் பன்னண்டையும் எழுத்து இல்லாமத்தான் வரைஞ்சேன். இனி எனக்கு எந்த எழுத்தும் வேணாம்."

mv .UmmeHani UmmeHani என்று பெயரை மாற்றும் வரியை அடித்தேன். என்டரைத் தட்டவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கடிதம் முதலில் என்றேன்.

கடிதத்தை நானே பக்கத்துக் கம்ப்யூட்டரில் அடித்தேன். மூன்றே வாக்கியம். உம்மே ஹானி எதையும் அழிக்கவில்லை. அவர் வரைந்தவை எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. தேடத் தெரியாமல் அவர்மேல் குற்றம் சொன்னோம்.

அண்ணாச்சியின் பேனா மூன்றாவது வாக்கியத்தில் நின்றது.

"இது வேணுமா?"

"வேணும் அண்ணாச்சி."

அவர் கருப்புத் திரையைப் பார்த்தார். வரியின் முனையில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பதினான்கு கல்யாண வீடுகளை நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மணி பன்னிரண்டு பத்து. தாளில் குறித்துக்கொண்டேன்.

பிறகு என்டரைத் தட்டினேன். ஒரு தடவை ls அடித்தேன். இருபது பெயர்கள். எல்லோருக்கும் கடைசியில், முன்னால் எழுத்தும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல், UmmeHani.

தாளை மடித்துக் கடிதத்தோடு பையில் வைத்துக்கொண்டு வடபழனி பஸ்ஸுக்கு இறங்கினேன்.