மழையில்லாத கோடையில் ஓதம்

நாற்பத்தொரு நாளாக மழை இல்லை. ஆனாலும் எங்கள் தேவாலயத்தின் இடது பக்கச் சிற்றாலயத்தில் சுவரின் ஓதம் ஏறிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்து மூடுவதும் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதும் என் வேலை. திங்கட்கிழமைதோறும் கதவைத் திறப்பதற்கு முன் நான் அதை அளப்பேன். அங்கிருக்கும் சுவரோவியத்துக்குக் கீழே, வெறும் சாந்துப் பூச்சின் மேல், ஒரு காகித நாடாவைச் செங்குத்தாக ஒட்டியிருந்தேன். ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஏப்ரல் கடைசியில் முதல் கோடு. ஜூலை முடிவதற்குள் பதினான்கு கோடுகள், ஒவ்வொன்றும் முந்தியதற்கு மேலே. கடைசிக் கோட்டுக்கும் ஓவியத்தின் அடி விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இடம்தான் பாக்கி.

ஓவியத்தில் இருப்பது அன்னம்மாள் மாதா மரியாளைப் பெற்றெடுத்த அறை. ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. கட்டிலில் களைத்துப்போன தாய். பணிப்பெண் ஒருத்தி தட்டில் வேகவைத்த கோழி கொண்டுவருகிறாள். எல்லாவற்றுக்கும் கீழே, கட்டிலடியில், கழற்றிவிட்ட ஒரு ஜோடி மரச்செருப்பு. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், கடைசியில் குனிந்து அந்தச் செருப்பைப் பார்ப்பார்கள்.

கலைப்பொருள் காப்பு அலுவலகத்திலிருந்து வந்த மிரெல்லா மேடம் ஜூனிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "செப்டம்பர் ஒண்ணாம் தேதி வருவேன், அட்டிலியோ. அதுக்குள்ள ஈரம் எங்கேருந்து வருதுன்னு தெரியலேன்னா, ஓவியத்தோட அடிப்பகுதிய உரிச்சு எடுத்துட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

உரித்து எடுத்தால் அது நகரத்துக் கிடங்குக்குப் போகும். என் அப்பா காலத்தில் எங்கள் பலகை ஓவியம் ஒன்று அப்படித்தான் போனது. இன்னும் வரவில்லை.

சுவர் தண்ணீர் குடிக்கும் விதம், விளக்குத்திரி எண்ணெய் குடிப்பது போலத்தான். செங்கல்லுக்குள் முடியைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன. அவை வழியே ஈரம் தானாக மேலேறும். தண்ணீரால் மட்டும் ஓவியம் கெடாது. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு தங்கிவிடும். வண்ணப் பூச்சுக்குப் பின்னால் அது படிகமாக வளர்ந்து, பூச்சை உள்ளிருந்து தள்ளும். சுவர் உப்புப் பூப்பது என்பது இதுதான். ஆக, கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரையில் ஏறிப் பார்த்தாயிற்று. மழைநீர்க் குழாய் காய்ந்து கிடந்தது. ஊர்த் தண்ணீர்க் குழாய் தெருவின் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஏணியில் ஏறி இறங்கி என் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஜூலை கடைசி வியாழக்கிழமை, பெர்கமோவிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. அன்றைக்கு அது ஐந்தாவது கூட்டம். நான் பத்தொன்பது வருடமாகச் சொல்லும் அதே வாக்கியங்களைச் சொன்னேன். நாக்கு தானாகச் சொல்லும், நான் எங்கேயோ இருப்பேன். கடைசியாகப் பீடத்துக்கு இடது பக்கம், பாதிரியார் உடைமாற்றும் அறைக்கு அழைத்துப்போய், சுவரில் பதித்த சின்னக் கல்தொட்டியைக் காட்டினேன்.

"பூசையில அப்பமும் திராட்சை ரசமும் வெச்ச துணிய மொதல்ல அலசுற தண்ணிய இதுலதான் ஊத்துவாங்க. அப்பத் துணுக்கு ஒட்டியிருக்கும்ல? அது புனிதமானது, சாக்கடைக்குப் போகக் கூடாது. நேரா மண்ணுக்குத்தான் போகணும்."

எல்லாரும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றார். கனத்த உடம்பு, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எந்த மண்ணுக்கு?"

"மண்ணுக்குத்தாங்க."

"சரிண்ணே. குழா எங்க முடியுது?"

நான் துளைக்குள் குனிந்து பார்த்தேன். அவர் தொட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு வருஷமா குழாய் வேலை எனக்கு. தண்ணி போகுதுன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. எங்க போகுதுன்னு கேட்டா முழிப்பாங்க."

பெஞ்சில் காலணியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி சொன்னார்: "ருஜ்ஜேரோ, லீவுலயாவது மனுஷனா இரு. ஃப்ளாரன்ஸ்ல எல்லாரும் சிலையப் பார்த்தாங்க, நீ கக்கூஸ் தொட்டியப் பார்த்த."

"அது ஒழுகுச்சுடி," என்றார் அவர். பிறகு என்னிடம், "அந்தக் காலத்துல நீளமா குழா போட மாட்டாங்க. சுவருக்குள்ளயே ரெண்டு முழம் இறக்கி விட்டுருவாங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் கட்டில் இருந்தது. கோழி இருந்தது. மரச்செருப்பு இருந்தது.

"ஆனா வாரத்துக்கு ஒரு குவளைதானே ஊத்துவாங்க," என்றேன்.

"அது ஊத்துறவங்களக் கேளுங்க."

மதியம் கதவை அடைத்ததும், கடப்பாரையால் சிற்றாலயத்துத் தரைக்கல் இரண்டைப் பெயர்த்தேன். கதவோரக் கல்லுக்கடியில் மண் மாவு போல உதிர்ந்தது. ஓவியச் சுவரோரக் கல்லுக்கடியில் மண் கையில் உருண்டை பிடித்தது. முகர்ந்து பார்த்தேன். லாவெண்டர் வாசனை. தரை துடைக்கும் சோப்பு.

பீடத்தையும் அதன் துணிகளையும் முன்பு கவனித்துவந்த குவால்தியேரோ ஏப்ரலில் டூரினில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து பார்ப்பது எர்சிலியா. நான் கதவைத் திறக்கும் முன்பே வந்து தரை துடைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"எர்சிலியாக்கா, அந்தக் கல்தொட்டியில தெனம் எவ்வளவு ஊத்துறீங்க?"

"ஏன், தண்ணி பில்லு உங்க வீட்டுக்கா வருது?"

"சும்மா சொல்லுங்க."

"ரெண்டு வாளி. ஞாயித்துக்கெழம நாலு."

வாளிக்குப் பத்து லிட்டர் என்றால், வாரத்துக்கு நூற்றறுபது லிட்டர். பதினான்கு வாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல், அத்தனையும் ஒரே சுவரின் காலடியில்.

"தரை தொடைச்ச தண்ணிய ஏன்க்கா அதுல ஊத்துறீங்க?"

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "சாமிக்குக் கை நடுங்குது. நீங்க பார்த்ததில்லையா? எப்படிப் பார்ப்பீங்க, செருப்பத்தானே பார்த்துட்டிருப்பீங்க. நன்மை குடுக்கும்போது அப்பத் துணுக்கு கீழ விழுது. அதத் தொடச்சு சாக்கடையில கொட்டச் சொல்றீங்களா? அந்த வாளியத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டையே போச்சு."

அந்தத் தண்ணீர்தான் ஓவியச் சுவரில் ஏறுகிறது என்று சொன்னேன். அவர் கை நின்றது. "நானா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை இருவரும் பாதிரியார் டான் சில்வானோவிடம் போனோம். நான்கு ஊர்க் கோயில்களுக்கும் அவர் ஒருவர்தான் பூசை வைக்கிறார். உடைமாற்று அறையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறக்காமலே முழுவதையும் கேட்டார்.

"என் கையப் பத்தி என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, எர்சிலியா."

"சொன்னா நடுக்கம் நின்னுடுமா, சாமி?"

அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். அது மடியிலும் லேசாக ஆடியது.

"நிக்காது," என்றார். "ஆனா துணுக்கு தரையில விழணும்னு ஒண்ணும் இல்ல. தரைக்கும் எனக்கும் நடுவுல ஒரு துணி விரிச்சா போதும். அப்புறம், மண்ணுக்குப் போகணுங்கறதுதான் முறை. இந்தச் சுவருக்கடியில இருக்குற மண்ணுதான்னு யாரும் எழுதி வைக்கல."

"தோட்டத்து மண்ணு ஆகுமா?" என்று எர்சிலியா கேட்டார்.

"ஆகும். அதுவும் ஆண்டவர் உண்டாக்கினதுதான்."

தொட்டியில் ஊற்றுவதை நிறுத்திய முதல் இரண்டு வாரம் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாவது வாரம் ஒரு விரல் இறங்கியது. செப்டம்பர் ஒன்றாம் தேதி மிரெல்லா மேடம் வந்தபோது இரண்டரை விரல் இறங்கியிருந்தது. நாடாவை இரண்டு முறை படித்துவிட்டு, உரிக்கத் தேவையில்லை, ஈரக் காகிதக்கூழ் அப்பி உப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும் என்று எழுதிக்கொடுத்தார். இனி என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதித் தரச் சொன்னார். நான் எழுதித் தந்தது இது:

நன்மை கொடுக்கும் இடத்தில் இரண்டு கஜ வெள்ளைத் துணி விரிக்கிறோம். பூசை முடிந்ததும் அதை நான்கு மூலையும் சேர்த்து மடித்து, பீடத் துணிகளோடு ஒரே சின்ன வாளியில் ஒருமுறை அலசுகிறோம். அந்த வாளித் தண்ணீரைத் தோட்டத்தில், சுவரிலிருந்து இருபது அடி தள்ளி, மண்ணில் ஊற்றுகிறோம். தரை துடைத்த தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. கல்தொட்டியின் துளையைத் தக்கை வைத்து மெழுகால் அடைத்துவிட்டோம்.