கோபியின் இடது கால்

கோபி அனுப்பிய வீடியோவைக் குமரன் கேன்டீனில் வைத்துத் திறக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி மூடிவிட்டு, கம்பெனிச் சுவருக்கு வெளியே ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்ற பிறகுதான் திறந்தான். நன்றாக இருந்துவிடக் கூடாது என்று ஒரு வேண்டுதல் மாதிரி மனதுக்குள் ஓடியது.

நன்றாக இருந்தது.

சென்னையில் 'சுழி' என்றொரு நடனக் குழு. சினிமாப் பாட்டில் கதாநாயகனுக்குப் பின்னால் ஆடுகிறவர்கள் இல்லை. அரங்கத்தில் டிக்கெட் போட்டு, பேச்சே இல்லாமல் முழு நிகழ்ச்சியும் ஆடிக் காட்டுகிறவர்கள். ஆடுவதற்கு மாதச் சம்பளம். அவர்களுடைய புது நிகழ்ச்சி பிரான்ஸுக்குப் போகிறது. அதில் ஒருவன் மட்டும் தனியாக ஆடும் பகுதி ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு இரண்டு பேரை வைத்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒருவன் சென்னைப் பையன் நவநீதன். இன்னொருவன் ஆம்பூர் கோபி. யார் விமானம் ஏறுவது என்பதைக் குழுவை நடத்தும் ஷர்மிளா மேடம் மாதக் கடைசியில் சொல்வார்.

இந்தச் செய்தியை ஊருக்கு முதலில் சொன்னதே குமரன்தான். அவனுடைய யூடியூப் சேனல் 'ஆட்டக்களம்'. எந்தக் குழுவிலிருந்து யார் விலகினார்கள், எந்த டிவி போட்டியில் தீர்ப்பு கோணல், எந்த மாஸ்டர் யாருடைய ஸ்டெப்பைத் தூக்கினார் என்று ஞாயிறுதோறும் பேசுவான். சென்னையில் ஆடிப் பிழைக்கிறவர்கள்கூடப் பார்த்தார்கள். காரணம், அவன் குறை கண்டுபிடிக்கும் விதம்.

வேலையும் அதுதான். ஷூ கம்பெனியில் செக்கிங். முடிந்து வரும் ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்புவான். பசைக் கறை, சுருக்கம், தையல் விலகல், எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவான். அம்பு இல்லாதது பெட்டிக்குள் போகும். வீடியோவிலும் அதையே செய்தான். ஆடுகிறவர்களை நடுவில் நிறுத்தி, தப்பின் மேல் சிவப்பு அம்பு போடுவான். பார்க்கிறவர்கள் அவனை 'ஆரோ அண்ணன்' என்றார்கள்.

வீடியோவுக்குக் கீழே கோபி எழுதியிருந்தான்: "தனி ஆட்டம் ஒரு துண்டு. மேடம் வெளிய விடலாம்னுட்டாங்க. உன் சேனல்ல தான் மொதல்ல வரணும். பாத்துட்டு உள்ளத சொல்லுடா."

உள்ளதைச் சொல் என்கிறான். அந்த நம்பிக்கைதான் குமரனுக்கு எரிந்தது. தோற்றுவிடுவோம் என்று நினைப்பவன் இப்படிக் கேட்க மாட்டான்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருவரும் ஒரே குரூப். பள்ளிகொண்டா திருவிழா மேடை, குடியாத்தத்தில் கல்யாண ரிசப்ஷன், சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, எங்கே ஆடினாலும் குமரன் முன்னால், கோபி அவன் முதுகுக்குப் பின்னால். ஸ்டெப் போடுவதும் சொல்லிக்கொடுப்பதும் குமரன். 'சுழி' ஆள் எடுக்கிறது என்று கண்டுபிடித்து, கோபியை இழுத்துக்கொண்டு ரயில் ஏறியதும் குமரன்தான். ஷர்மிளா மேடம் குமரனைப் பார்த்து, "நல்லா பண்றீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கோபியிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஆடச் சொன்னார். பிறகு எடுத்துக்கொண்டார்.

கோபியின் அம்மா பாக்யலட்சுமி தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் நிறுத்திக்கொள்வாள். "ஏசி ரூம்ல ஆடறானாம்பா. தரை மரமாம். கால் வலிச்சா அமுக்கி விடறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருக்காம்!" குமரன் சிரித்து வைப்பான். ஷிப்டு முழுக்க நிற்கிற அவன் கால்களை யாரும் அமுக்கியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். கை சுத்தம். மூச்சு சுத்தம். திரும்புகிற இடத்தில் கழுத்து கடைசியாகத் திரும்பியது, அது அழகு. பற்களைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினான். அப்புறம் பிடித்துவிட்டான்.

இடது கால். வலது கால் தரையை விட்டுத் தூக்கித் தூக்கி வைக்கிறது. இடது மட்டும் தூக்காமல், பாதத்தின் முன்பகுதி தரையைத் தேய்த்துக்கொண்டு, தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். ஜோடி சேரவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்தித் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ போட்டான். முதலில் கோபியைப் பாராட்டினான். பாராட்டாமல் அடித்தால் பொறாமை என்பார்கள். பிறகு படத்தை நிறுத்தி அம்பு போட்டான். "கோபி என் நண்பன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த இடது காலைப் பாருங்கள். இழுக்கிறது. இது திருவிழா மேடைப் பழக்கம். பிரான்ஸ் மேடையில் இதை மறைக்க முடியாது. நவநீதனிடம் இந்தக் குறை இல்லை." கடைசி வாக்கியத்தைச் சொல்லத் திட்டமிடவில்லை. வாயில் வந்தது, வெட்டவும் இல்லை.

பிய்த்துக்கொண்டு போனது. சென்னை மாஸ்டர்கள் இரண்டு பேர் அதைத் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தார்கள். 'சுழி'யில் ஆடுகிற ஒரு பெண், "கண்ணுன்னா இது கண்ணு" என்று எழுதினாள்.

மறுநாள் செக்கிங் மேஜையில் எதிரே உட்காரும் தவ்ஃபீக் ஒரு ஷூவைத் திருப்பிக்கொண்டே ஆரம்பித்தான். "இன்னா குமரா, தோஸ்துக்கே ஆரோவா?"

"தப்பு இருந்துச்சு, சொன்னேன்."

"எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனா நீ பேசும்போது உன் மூஞ்ச பாத்தேன். மாப்ள வீட்ல பிரியாணி கம்மின்னு சொல்ற மாமா மாதிரி ஒரே குஷி."

"வேலய பாரு பாய்."

"பாக்கறேன், பாக்கறேன். அந்தப் பையன் போவாம போய்ட்டா நீ போவியா?"

குமரன் அடுத்த ஜோடியைக் கையில் எடுத்தான். போகப்போவதில்லை. ஆனால் கோபியும் இங்கேயே இருப்பான். அது போதும் என்று தோன்றியது.

கோபி கூப்பிடவில்லை. மெசேஜும் இல்லை. நாள் போகப் போகக் குமரனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மாதக் கடைசியில் 'சுழி'யின் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. பிரான்ஸ் போவது கோபி.

மதிய இடைவேளையில் போன் அடித்தது.

"டேய், பாத்தியா?"

"பாத்தேன். வாழ்த்துகள்."

"அத ஏன் பத்திரிகை படிக்கிற மாதிரி சொல்ற?" கோபி சிரித்தான். "உன் வீடியோ பாத்து செம கோவம்டா எனக்கு. ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. போன் பண்ணா அசிங்கமா திட்டிருப்பேன், அதான் பண்ணல."

"உள்ளத சொல்லுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். ஆனா அத தப்புன்னு நீ சொல்லுவன்னு நினைக்கல. அது உன் கால்டா."

"இன்னா?"

"சாம்பிள் ஷூ போட்டு ஆடுவியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஷூ அதுதான். வெளிநாட்டுக்காரனுக்கு மாதிரி காட்டச் செய்வதெல்லாம் ஒரே அளவு. கம்பெனிகள் கழித்துவிடுவதை அப்துல் வஹாப் கடையில் குவித்து விற்பார்கள். பெரிய காலோ சின்னக் காலோ, ஆம்பூர்ப் பையன்கள் எல்லாரும் அதே அளவில்தான் மாட்டினார்கள்.

"உனக்கு அது தொளதொளன்னு இருக்கும், எடது இன்னும் மோசம். எடது ஷூ கழண்டு ஜனங்க மேல போயிடும்னு தூக்காம இழுப்ப. அந்த இழுப்புல உன் ஒடம்பே ஒரு மாதிரி சாஞ்சு வரும். நீ முன்னாடி நின்ன, உனக்குத் தெரியாது. பின்னாடி நின்னு பாத்தவன் நான். மேடம் என்னை எடுத்ததே அந்தக் காலுக்குத்தான். இது எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாங்க. எங்க குமரன்கிட்டன்னு சொன்னேன்."

"அப்ப மேடம் ஆள் எடுத்த அன்னிக்கு நானும்தான ஆடினேன்?"

"அன்னிக்கு நீ உங்க மாமா வாங்கித் தந்த புது ஷூவ போட்டுட்டு வந்தல்ல? கரெக்டா இருந்துச்சு உனக்கு."

கோபியே தொடர்ந்தான்.

"உன் வீடியோ வந்தப்றம் பிரான்ஸ்காரங்களும் கேட்டுட்டாங்க, அந்தக் கால் இன்னான்னு. பேஜார் எதுக்குன்னு மேடம் அந்த இழுப்பயே எடுத்துட்டாங்க. வேணும்னு சண்ட போட்டேன்டா. 'உங்க குமரனே தப்புன்றாரே'ன்னுட்டாங்க. இப்ப ரெண்டு காலையும் தூக்கித்தான் ஆடறேன்."

"சரி விடு. நல்லபடியா போய்ட்டு வா" என்றான் குமரன். கோபி திட்டியிருக்கலாம். திட்டாமல் போனை வைத்ததைக் குமரனால் மன்னிக்க முடியவில்லை. அதிலும் கோபிதான் ஜெயித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே அந்த ஸ்டெப்பைப் போட்டுப் பார்த்தான். வலது வந்தது. இடதை இழுத்தான், நொண்டுகிறவன் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை இழுத்தான். கீழ்வீட்டுப் பெண் துணி எடுக்க வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

'சுழி' கோபி ஆடும் புதுத் துண்டு ஒன்றை வெளியிட்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டு காலும் ஒரே மாதிரி எழுந்தன, ஒரே மாதிரி இறங்கின. எங்கே நிறுத்தியும் அம்பு ஒட்டுவதற்கு இடம் இல்லை. நவநீதன் ஆடினாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

செய்தி சொல்லியாக வேண்டும், பார்க்கிறவர்கள் காத்திருந்தார்கள். அது என்னுடைய கால் என்று சொல்லலாமா என யோசித்தான். நம்புகிறவன் கேட்பான், அப்படியென்றால் ஏன் தப்பு என்று சொன்னாய் என்று. கேமராவைப் போட்டு, கோபி தேர்வானதைச் சொன்னான், வாழ்த்தினான், அடுத்த செய்திக்குப் போனான்.

வீடியோ ஏறிய கொஞ்ச நேரத்தில் முதல் கமென்ட் வந்தது. "அண்ணா, நீங்க சொன்னப்றம் கோபி அந்தக் கால சரி பண்ணிட்டாரு. உங்களாலதான் அவருக்கு பிரான்ஸ் கெடச்சுது."

குமரன் அதற்கு ஒரு லைக் போட்டான்.