கழுவாத துண்டு

1

இந்தக் கதை திருத்தணி ரயில் நிலைய பெஞ்சில் பிறந்தது. 2007, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். காவடிக் கூட்டத்தோடு சென்னை வண்டியிலிருந்து இறங்கிய என் தோழி பர்ஹீன், "எலி மூளையைக் கழுவிட்டு, உள்ள மருந்தே இல்லைன்றான்டி!" என்று கத்தினாள். மஞ்சள் வேட்டிகள் திரும்பிப் பார்த்தன.

2

என் முதல் தொடக்கம்: 'ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் ஒரு பெண்

அடித்துவிட்டேன். நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பேனாவைத் திறந்தாலே பனி கொட்டுகிறது. பர்ஹீனின் பனி அவள் ஆய்வகத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, மைனஸ் இருபது டிகிரியில். அதற்குள் உறைந்த எலி மூளையை முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மேலே ஒரு கரைசலைத் தூவித் தருவது அவள் வேலை. கருவி அந்தத் துண்டைப் புள்ளி புள்ளியாகப் படித்து, மருந்து எங்கே இருக்கிறதென்று படம் காட்டும்.

(புரதம் தேடினால் துண்டை ஆல்கஹாலில் கழுவலாம், படம் பளிச்சென்று வரும். மருந்து தேடினால் கூடாது, மருந்தும் சேர்ந்து போய்விடும். இந்தக் கதைக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும்.)

3

மருந்து, சளி மாத்திரை. மூளைக்குள் போகாது, தூக்கம் வராது என்கிறது கம்பெனி. பர்ஹீனின் கழுவாத துண்டில் மூளை முழுக்க மருந்து. ஆய்வகத் தலைவர் பரத்வாஜ் கழுவச் சொன்னார். கழுவிய துண்டில் ஒன்றுமில்லை. அந்தப் படம்தான் அறிக்கைக்குப் போகிறது. தயாரித்தவர்: பர்ஹீன்.

பரத்வாஜ் நல்ல மனிதர், அவருக்கும் ஏதோ நெருக்கடி என்று ஒரு பத்தி தொடங்கி

எதற்கு? கதைகளில் தப்புச் செய்கிறவனுக்கு மட்டும் எப்படியோ ஒரு சோகமான மாலைப்பொழுது கிடைத்துவிடுகிறது. இவளுக்கு யார் கொடுத்தார்கள்?

4

"கழுவுனா மருந்து போயிடும் சார்னேன். 'எவ்ளோ சுத்தமா வந்துருக்கு பாரும்மா'ன்றாரு. எங்க அண்ணன் அனீஸ் இருக்கானே, வருஷம் முழுக்கத் தும்மிக்கினேதான் வேன் ஓட்டுறான். தூக்கம் வராதுன்னு மாத்திரை அட்டைல போட்டா ரெண்டா முழுங்குவான். பின்னாடி வேன் நெறைய ஜனம், சாமி பார்த்துட்டுத் தூங்கிக்கினு வரும். அந்தப் படத்துக்குக் கீழ என் பேரு!"

5

எழுதிய வரை அவளிடம் கொடுத்தேன்.

"நான் அந்தாள திட்டுனது எங்கடி?"

"கெட்ட வார்த்தைடி. படிக்க அழகா இல்ல."

"ஆங். நீயும் கழுவிட்ட."

(முதல் பகுதியில் அவள் கத்திய வாக்கியத்தில் ஒரு வார்த்தை குறைகிறது. என் வேலைதான்.)

6

முடிவு ஒன்று: பர்ஹீன் வேலையை விடுகிறாள். அடித்துவிட்டேன், படம் அப்படியே அறிக்கைக்குப் போகும். முடிவு இரண்டு: பரத்வாஜ் மனம் திருந்துகிறார். அதையும் அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். இரண்டு படங்களும் அவள் பையில் இருக்கின்றன. எதை மேசையில் வைப்பாள் என்று நான் சொல்லப்போவதில்லை.

நீங்கள் அனீஸின் வேனில் உட்காருங்கள். வேன் மலையிலிருந்து இறங்குகிறது. அவன் தும்முகிறான். சட்டைப்பைக்குள் கையை விடுகிறான். முடிவை அங்கிருந்து எழுதுங்கள்.