பென்சிலால் அழித்த மச்சம்

கோபே துறைமுகத்துப் போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் தோகிக்கு வேலை. கண்ணாடி நெகட்டிவைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு, அம்மைத் தழும்பையும் கருவளையத்தையும் போக்கிக் கொடுப்பாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் எந்தப் படமும் அவள் கை படாமல் போகாது. அப்படித்தான் அக்கா மசுயோவின் இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்து பரவிக் கிடந்த கருமச்சத்தையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். அக்காவிடம் கேட்கவுமில்லை, படத்தைக் காட்டவுமில்லை.

வெளியாட்கள் முன்னால் மசுயோ கைக்குட்டையால் அந்தக் கன்னத்தை மறைத்துக்கொள்வாள். வீட்டில், தோகியிடம், மறைத்ததே கிடையாது.

அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று தோகி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம் கிடையாது என்று அவர்களை வளர்த்த மாமா சொல்லிவிட்டார். தோகியை விரும்பிய, கப்பலில் தந்தி அடிக்கும் சென்தாரோவோ, அடுத்த தடவை கரைக்கு வரும்போது ஒரு முடிவு சொல் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

தரகு பேசும் இவாசே அம்மாள் படத்தைப் பார்த்தாள், பிறகு தோகியைப் பார்த்தாள். "படம் நல்லாவே வந்திருக்கு" என்று பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கைகாரி.

பெண் பார்க்க ஒரு சாப்பாட்டு விடுதியில் ஏற்பாடு. மசுயோவுடன் தோகியும் இவாசே அம்மாளும் போனார்கள். யோகோஹாமாவையே அழித்த பூகம்பத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து குடியேறிய மாப்பிள்ளை குமேதாவும் அவன் அம்மாவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மசுயோ குனிந்து வணங்கி, கைக்குட்டையை இறக்கி, நிமிர்ந்தாள். கிழவி கையிலிருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணு வரலையாம்மா?"

இவாசே அம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. மசுயோவின் பார்வை படத்தில் விழுந்து அங்கேயே நின்றது.

வாயைத் திறடி, நான்தான் செய்தேன் என்று சொல்லடி என்று தோகி தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவளுக்குக் காய்ச்சல்" என்றாள் மசுயோ. "நான் அவளோட ஒண்ணுவிட்ட அக்கா. மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

கிழவிக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் எல்லார் மானமும் தப்ப ஒரு வழி கிடைத்ததே. "அடடா, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று தேநீர் ஊற்றினாள். தோகிக்கு மூச்சு சீராக வந்தது. அப்பாடா என்று நினைத்ததை நினைத்துத்தான் அவளுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

மகனுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. விடைபெறும்போது காது சிவக்க மசுயோவிடம் சொன்னான்: "படம் வந்ததுலேர்ந்து தெனமும் எடுத்துப் பாக்கறேன்னு அவங்ககிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்."

டிராம் துறைமுகத்தை நோக்கி இறங்கியது. மசுயோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கன்னம் தோகியின் பக்கம் இருந்தது.

"ரொம்ப நேரம் புடிச்சுதா?"

"எதுக்குக்கா?"

"என் கன்னத்துக்கு."

"இல்லக்கா... கொஞ்ச நேரம்தான்."

"சென்தாரோ வந்தா வீட்டுக்கு வரச் சொல்லு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

"அக்கா, நான்..."

மசுயோ மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து, தோகியின் பக்கமிருந்த கன்னத்தை மூடிக்கொண்டாள்.